கல்லில் காலம் கண்டவர்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

ஏற்காட்டுக்குச் சுற்றுலா செல்வோர் ஏரியில் படகு விடுகின்றனர்; மலைவிளிம்பில் நின்று சேலத்து விளக்குகளைக் காண்கின்றனர்; ஆரஞ்சும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்குகின்றனர். அவ்வூர் ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் ஓர் ஆங்கிலேயரின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டிருப்பதை அறிந்தவர் மிகச் சிலரே. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பது அவர் பெயர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று நம் பாடநூல் அவரை ஒரே வரியில் அறிமுகம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதைக் கல்லூரித் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் முதல் ஆசை. அவர் சுத்தியலோடு ஏறி இறங்கிய குன்றுகளில் சில இன்று ஜல்லியாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றோடு, எழுத்தறியாத காலத்து மனிதன் பாறையில் வரைந்துவைத்த சித்திரங்களும் போகின்றன. அதைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் இரண்டாவது ஆசை.

ஃபூட் 1834 செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில் பிறந்தார். 1858 செப்டம்பரில், இருபத்து நான்கு வயது இளைஞராக, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். அத்துறை தொடங்கி அப்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. தாமஸ் ஓல்டாம் அதன் தலைவர். சென்னை இராயபுரத்திலிருந்து முதல் இரயில் புறப்பட்டு இரண்டே ஆண்டுகள். இரயிலுக்குக் கரி வேண்டும், ஆலைக்கு இரும்பு வேண்டும், கருவூலத்துக்குப் பொன் வேண்டும். இவை எங்கே கிடைக்கும் என்று தேடிச் சொல்வதே ஃபூட்டுக்கு இட்ட பணி. ஆகவே அவர் தொழிலின் ஆள், அரசாங்கத்தின் ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவரைக் கானகத்து முனிவர் போலக் கற்பனை செய்துகொள்வோம்.

குளிர்காலம் முழுவதும் கூடாரம், மாட்டு வண்டி, வரைபடம். வெயில் காலத்தில் அலுவலகம், அறிக்கை. இப்படித்தான் அக்கால நிலவியலாரின் ஆண்டு கழிந்தது. ஒவ்வொரு ஓடையாக நடந்து, பாறை எந்தத் திசையில் சாய்கிறது, எந்தப் படிவு எதன்மேல் கிடக்கிறது என்று குறிக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று குறிக்காமல் அதைக் கையில் எடுக்கக் கூடாது என்ற பழக்கத்தை அவருக்குத் தந்தது இந்த வேலையே. பின்னாளில் அவர் பெயரை நிலைநிறுத்தியதும் இப்பழக்கம்தான்.

1863 மே 30. சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், படையினரின் அணிவகுப்புத் திடல் அருகே சரளைக்கல் தோண்டிய ஒரு சிறு குழி. அதிலிருந்து வாரிக்கொட்டிய செம்புரைக்கல் சரளையில், மனிதன் கையால் கொத்திச் செதுக்கிய ஒரு கல்லை ஃபூட் கண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதே வழியில் எத்தனையோ பேர் அந்தச் சரளையை மிதித்து நடந்திருப்பார்கள். அவர் கண்ணுக்கு மட்டும் ஏன் பட்டது? காரணம் உண்டு. பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் படுகையில் பூஷே தெ பெர்த் என்பவர் பல்லாண்டுகளாகக் கற்கருவிகளைத் திரட்டி, இவை அழிந்துபோன விலங்குகளின் காலத்து மனிதன் செய்தவை என்று வாதாடி வந்தார். அறிஞர் உலகம் நகைத்தது. 1859-இல் இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து அவர் சொன்னது சரியே என ஏற்றனர். அந்தச் செய்தி கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தபோது, இங்கும் அப்படி இருக்கலாம் அல்லவா என்று தேடும் கண்ணோடு நடந்தவர் ஃபூட்.

அதே ஆண்டு செப்டம்பரில் தம் தோழர் வில்லியம் கிங்குடன் கொற்றலை ஆற்றுப் படுகையில் தேடிச் சென்றார். அத்திரம்பாக்கத்தில் கருவிகள் குவியலாகவே கிடைத்தன. தொல்லியலில் சென்னைக் கைக்கோடரி மரபு என்ற பெயர் நிலைபெற்றது இப்பகுதிக் கருவிகளால்தான். 1868-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் கூடிய தொல்பழங்கால மாநாட்டில் தென்னிந்தியக் கருவிகளைப் பற்றி அவர் அறிஞர்கள் முன் விளக்கினார். அத்திரம்பாக்கத்தில் நம் காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் ஆண்டுக்கணக்கில் அகழ்ந்து, மிகப் பழைய அடுக்கின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011-இல் வெளியிட்டனர். ஃபூட் குறித்துவைத்த இடம் துல்லியமாக இருந்ததால் அல்லவா, நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அதே ஊரில் அதே படிவைத் தோண்ட முடிந்தது!

முதல் கருவி வெளிவந்த இடம் ஒரு சரளைக்குழி என்பதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். மண்ணைத் தோண்டாவிட்டால் அக்கல் வெளியே வந்திராது. தோண்டுவதெல்லாம் பாவம் என்று யாரும் சொல்லவில்லை. தோண்டும் இடத்தில் பார்க்கத் தெரிந்த ஒருவர் நிற்கிறாரா என்பதே கேள்வி. பல்லாவரத்துக் குன்றுகளும் பிற்காலத்தில் கட்டடக் கல்லுக்காகக் குடையப்பட்டன. அங்கெல்லாம் ஒரு ஃபூட் நின்றுகொண்டிருக்கவில்லை.

அவர் குடும்ப வாழ்வில் தமிழர்க்கு உவப்பான ஒரு செய்தி உண்டு. அவர் மணந்த எலிசபெத் ஆன், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். பின்பு சென்னை வந்து தினவர்த்தமானி என்ற தமிழ் வார இதழை நடத்தியவர். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். மாமனார் ஊர் ஊராகப் பழமொழி பொறுக்கினார். மருமகன் ஊர் ஊராகக் கல் பொறுக்கினார். இரண்டுமே மக்கள் புழங்கிவிட்டு மறந்துபோன சொத்துகள்தாம். பெர்சிவல் தம் கடைசிக் காலத்தை ஏற்காட்டில் கழித்து 1882-இல் அங்கேயே மறைந்தார். ஃபூட் ஏற்காட்டை வீடாகக் கொண்டதற்கு இந்த உறவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இனி நம் பக்கத்து மலைகளுக்கு வருவோம். கிங்கும் ஃபூட்டும் சேர்ந்து 1864-இல் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியலை எழுதி வெளியிட்டனர். சேலத்துக் காந்த இரும்புத் தாது படுகைகளைக் கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, கொல்லிமலைப் பகுதி என்றெல்லாம் தொகுதி தொகுதியாகப் பிரித்து விளக்கிய முதல் அறிக்கை அது. கஞ்சமலை இரும்பைக் கொண்டு ஒரு பெரிய ஆலை எழும் என்று நம் முந்திய தலைமுறையார் நெடுநாள் கனவு கண்டனர். ஆலை 1980-களின் தொடக்கத்தில் வந்தது. ஆனால் துருப்பிடிக்காத எஃகுத் தகடுதான் அங்கே உருட்டினார்கள். கஞ்சமலை அப்படியே நின்றது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக்கல்லோ வெட்டி எடுக்கப்பட்டு, உலை செங்கல்லாக நாடெங்கும் போயிற்று. ஏற்காட்டு மலையுச்சியிலிருந்து பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு அனுப்பினார்கள். நிலவியலார் ஒரு மலையைப் பற்றி நல்ல அறிக்கை எழுதினால் அந்த மலைக்குத் தலைவிதி மாறுகிறது. ஃபூட்டின் வாழ்க்கையை இந்தக் கோணத்திலும் பார்க்கத்தான் வேண்டும்.

அதே சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் ஏராளமாகக் கிடைத்தன. மலைவாழ் மக்கள் அவற்றை மரத்தடியில், பிள்ளையார் பக்கத்தில், சாமி வீட்டில் வைத்துப் பொட்டிட்டு வணங்கினர். சேலம், தருமபுரிப் பக்கத்து ஊர்களில் இன்றும் அப்படிப்பட்ட கற்களைக் காணலாம். அறியாமை என்று சிலர் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். கோடரியைச் செய்தவன் யாரென்று தெரியாவிட்டாலும் அது சாதாரணக் கல் அன்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஃபூட்டின் வாழ்வில் மிக வளமான பகுதி பெல்லாரி. அந்நாளில் அது சென்னை மாகாணத்து மாவட்டம். 1953-இல்தான் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. தார்வார் பாறைத் தொகுதி என்று நிலவியலார் இன்றும் வழங்கும் பெயரைத் தந்தவர் ஃபூட். பெல்லாரி மாவட்டத்து நிலவியலைப் பற்றி 1895-இல் வெளிவந்த அவர் நூல் சண்டூர் மலைகளின் இரும்பு வளத்தை விரிவாகச் சொல்கிறது. அதே மாவட்டத்தில் பெல்லாரி நகருக்கு வடகிழக்கே குப்கல் என்ற குன்று. கருங்கல் குன்றின் நடுவே கறுத்த டோலரைட் பாறை ஒரு சுவர்போலக் குறுக்கே ஓடுகிறது. அதன் அடிவாரத்தில் அவர் கண்டது ஒரு பழைய தொழிற்சாலை! புதிய கற்கால மக்கள் அந்தக் கறுப்புப் பாறையை உடைத்து, கொத்தி, தேய்த்துக் கோடரி செய்த பட்டறை. பாதி வேலையில் உடைந்தவை, சீவிய சில்லுகள், தேய்ப்புக் குழிகள் என எல்லாம் அப்படியே கிடந்தன. அக்குன்றில் முதலில் கல் உடைத்தவர் நம் காலத்து ஒப்பந்தக்காரர் அல்லர். கோடரி செய்த அந்த முன்னோரே. ஆனால் அவர்கள் உடைத்தது கை அளவு. கோடரிக்கு வேண்டிய அளவு.

பெல்லாரிச் சீமையில் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் உண்டு. அரக்கரை எரித்த சாம்பல் என்று ஊரார் கதை சொன்னார்கள். எரிமலைக் குழம்பு என்றும் சுண்ணாம்புக் காளவாய் என்றும் ஆளுக்கொரு விளக்கம் உலவியது. ஃபூட் பொறுமையாக ஆராய்ந்து, இவை மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல். ஆயர்கள் பட்டி போட்டு வாழ்ந்த இடங்கள் என்ற முடிவுக்கு வந்தார். 1957-இல் ஆல்ச்சின் என்ற அறிஞர் உத்னூரில் அகழ்ந்தபோது அந்த மண்ணில் மாட்டுக் குளம்புத் தடமே பதிந்திருந்தது. நம் பட்டிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் இதற்கு அகழாய்வு எதற்கு என்பார்கள். சாணத்தின் சாம்பலைத் தெரியாதா?

அந்த ஆயர்கள் மாட்டை மேய்த்ததோடு நிற்கவில்லை, மாட்டை வரைந்தார்கள். குப்கல் குன்றின் அதே கறுப்புப் பாறைகளில் நீண்ட கொம்புடைய காளைகளும் மனித உருவங்களும் நூற்றுக்கணக்கில் கொத்தப்பட்டிருக்கின்றன. ஹூபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் இவற்றைக் கண்டார். ஃபிரெட் ஃபாசெட் என்ற காவல்துறை அதிகாரி 1892-இல் இவற்றைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். இதே ஃபாசெட்தான் பின்னர் வயநாட்டு எடக்கல் குகைச் செதுக்கல்களையும் வெளியுலகுக்குச் சொன்னவர். கருவிகளுக்கும் சாம்பல் மேட்டுக்கும் ஃபூட் செய்த விளக்கத்தோடு இந்தச் சித்திரங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகிறது. கோடரி செய்தவன், மாட்டுப் பட்டி போட்டவன், காளையை வரைந்தவன் எல்லாரும் ஒரே மண்ணின் மக்கள். இன்னொன்று. அக்குன்றில் சில உருண்டைப் பாறைகளைச் சிறு கல்லால் தட்டினால் சேகண்டி போல் ஒலிக்கின்றன. பலமுறை தட்டித் தட்டிக் குழி விழுந்த தடமும் இருக்கிறது. நிக்கோல் பொய்வின் என்ற ஆய்வாளர் 2004-இல் இதை விரிவாக எழுதினார். இசைக்கும் கல்லுக்கு நம் கொங்குநாட்டிலும் ஓர் உறவு உண்டு: ஈரோட்டுப் பக்கம் அறச்சலூர்க் குகையில் பண்டைத் தமிழெழுத்தில் தாளச் சொற்கட்டுகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஃபூட்டின் முறையில் ஓர் எல்லை இருந்தது என்பது இங்கேதான் எனக்குத் தெளிவாயிற்று. கோடரியைக் கையில் எடுக்கலாம், எண் இடலாம், எங்கே கிடைத்தது என்று எழுதலாம், பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பலாம். குன்று போனாலும் கோடரி இருக்கும். சித்திரத்தை அப்படி எடுத்துச் செல்ல முடியுமா? அது மலையோடு பிறந்தது, மலையோடுதான் இருக்கும். மலை போனால் அது போயிற்று. புகைப்படம் எடுத்துவைக்கலாம் என்பீர்கள். குப்கல் சித்திரங்களுக்கு அந்தக் காலத்திலேயே புகைப்படம் எடுத்தார்கள். அவை இலண்டனில் நிறம் மங்கிப்போயின. பின்னாளில் குன்றைத் தேடிப் போன சிலருக்கு இடமே தட்டுப்படவில்லை. 2000-க்குப் பிறகு பொய்வின் குழுவினர் பாறை பாறையாகப் பதிவு செய்தபோது கல்குவாரிகள் குன்றை நெருங்கிவிட்டிருந்தன. ஒரு பகுதி ஏற்கெனவே சிதைந்தும் இருந்தது. உலகம் அறிந்து நூறாண்டு கடந்த ஓர் இடத்துக்கே இந்தக் கதி.

சண்டூர்ப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஃபூட் விவரித்த இரும்பு மலைகளை 2000-க்குப் பின் கண்மண் தெரியாமல் வெட்டினார்கள். சாலை சிவப்பு, வயல் சிவப்பு, வீட்டுக் கூரை சிவப்பு. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெல்லாரி மாவட்டச் சுரங்கங்களை நிறுத்தி வைத்தது. பிறகு அளவும் நிபந்தனையும் விதித்து மீண்டும் அனுமதித்தது. செம்புழுதி தணிய நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

பாறைச் சித்திரத்தைப் புழுதியும் புகையும் என்ன செய்யும்? நான் நூலகத்தில் படித்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். கறுப்புப் பாறையின் மேற்புறம் ஆயிரக்கணக்கான ஆண்டு வெயிலிலும் மழையிலும் இரும்பு, மாங்கனீசு ஏறிக் கறுத்த ஒரு தோலாகிறது. அதை வேறொரு கல்லால் கொத்தினால் தோல் உரிந்து உள்நிறம் வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்புதான் காளை. சுற்றியுள்ள கறுப்புதான் பின்னணி. ஆக, சித்திரம் முழுவதும் தோலளவு கனத்தில் நிற்கிறது. பக்கத்தில் வெடி வைத்தால் அதிர்ச்சியில் ஏற்கெனவே விரிசல் கண்ட ஏடுகள் கழன்று விழும். கல் அரைக்கும் தூசி படிந்து பனியில் நனைந்து படலமாக ஒட்டும். துடைக்கப் போனால் தோலும் தேயும். எரிவாயு ஆலை, உர ஆலைப் புகையில் உள்ள கந்தக, நைட்ரஜன் வாயுக்கள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அந்த இரும்பு மாங்கனீசுத் தோலையே கரைக்கக்கூடும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் முருஜுகா என்ற இடத்தில் பழங்குடி மக்களின் செதுக்கல்கள் பத்து இலட்சத்துக்கு மேல் உள்ளன. பக்கத்திலேயே எரிவாயு ஆலையும் உர ஆலையும். புகையால் கேடு உண்டென்று ஒரு சாரார், பெரிய கேடில்லை என்று மற்றொரு சாரார் பல்லாண்டுகளாக வாதிட்டு வர, 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. அங்குள்ள பழங்குடியினர் அந்தச் செதுக்கல்களைத் தம் முன்னோராகவே கருதுகின்றனர். சேர்வராயன் மலை மக்கள் கோடரிக்குப் பொட்டிட்டதைப் போலத்தான்.

ஃபூட்டின் எஞ்சிய வாழ்க்கையை விரைந்து சொல்லிவிடலாம். 1880-களில் தம் மகன் ஹென்றியுடன் கர்நூல் பில்லாசுரகம் குகைகளை அகழ்ந்தார். 1891-இல் முப்பத்து மூன்று ஆண்டுப் பணி முடித்து ஓய்வு பெற்றார். பரோடா சமஸ்தானம் அழைத்தது, போனார். மைசூர் அழைத்தது, அங்கும் போனார். போன இடமெல்லாம் கல் பொறுக்கினார். இறுதியில் ஏற்காட்டில் ஒரு வீட்டில் அமர்ந்து, ஆயிரக்கணக்கான கருவிகளையும் பானை ஓடுகளையும் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். 1904-இல் அத்தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. சிலர் இதைக் குறையாகச் சொல்வர். இலண்டனுக்கு விற்றிருக்கலாம், எழும்பூருக்குக் கொடுத்தாரே என்பதை நான் நிறையாகவே காண்கிறேன். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் எழுபத்தெட்டாம் வயதில் அன்னார் மறைந்தார். தொகுப்பின் பட்டியல் 1914-இலும் விளக்கக் குறிப்புகள் 1916-இலும் அவர் இல்லாத காலத்தில் நூல்களாக வெளிவந்தன. பெல்லாரியில் இன்று அவர் பெயரையும் சங்கனகல்லு என்ற அவ்வூர்ப் பெயரையும் சேர்த்துத் தாங்கிய ஒரு தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. ஆங்கிலேயர் பெயரில் கன்னட மக்கள் வைத்த காட்சியகம்! ஏற்காட்டில் அப்படி ஒன்று இல்லை.

தமிழ்நாட்டில் பாறை ஓவியங்கள் பரவலாகத் தெரியவந்ததே 1970-களுக்குப் பிறகுதான். ஃபூட் தமிழ்நாட்டுப் பாறைகளின்மேல் அத்தனை நடந்தும் அவர் தேடியது தரையில் கிடந்த கருவிகளை. பாறை ஒதுக்கின் கூரையை அண்ணாந்து பார்க்கும் வழக்கம் பின்னரே வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடி, விழுப்புரத்துக் கீழ்வாலை, கோத்தகிரிப் பக்கத்துக் கரிக்கையூர் என்று பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நம் கோவைக்கு மிக அண்மையில், பாலக்காட்டுச் சாலையில், குமிட்டிபதி ஊரின் பதிமலையில் வெள்ளை நிறத்தில் யானையும் மனிதர்களும் தீட்டப்பட்டிருக்கின்றனர். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? போனவர்களில் சிலர் தம் பெயரையும் காதலியின் பெயரையும் அதே பாறையில் எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள். கரிக்கையூரிலும் அதே கிறுக்கல். தொழிற்சாலைப் புகையைப் பேசும் முன் இந்தக் கரிக்கட்டியையும் பேச வேண்டும்.

வெள்ளை ஓவியம் செதுக்கலைவிட மென்மையானது. அது பாறையின்மேல் ஒட்டி நிற்கும் பூச்சு மட்டுமே. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் காற்றை நம் ஊரார் அறிவர். அது குவாரித் தூசியைக் காத தூரம் கொண்டுபோகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் தொன்மைச் சின்னங்களைக் காக்கின்றன. 2010-இல் செய்த திருத்தத்தின்படி மத்திய அரசு அறிவித்த சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. நல்லதுதான். ஆனால் அறிவிக்கப்பட்ட இடத்துக்குத்தான் இந்த வேலி. அறிவிக்க வேண்டுமானால் யாராவது கண்டு, இடம் குறித்து, எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதப்படாத பாறை, வருவாய்க் கணக்கில் வெறும் கல்லாங்குத்து. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற பழமொழியை நாம் வேறு பொருளில் புழங்குகிறோம். சிலைநாயைக் கல்லாகப் பார்ப்பவனுக்கு நாய் தெரியாது என்பதே அதன் உட்பொருள் என்பர். குத்தகை ஏலக் குறிப்பில் கன மீட்டர் கணக்கு இருக்கும், காளை இராது.

எங்கள் ஊர் கிணத்துக்கடவுக்குத் தெற்கே. ஊருக்கு மேற்கே ஒரு கரடு. என் அப்பாரு சிறுவனாக ஆடு மேய்த்த காலத்தில் அக்கரட்டின் பாறை ஒதுக்கில் மழைக்கு ஒதுங்குவாராம். கூரையில் வெள்ளைக் கோடுகளாக ஆட்கள் கைகோத்து நிற்பார்கள் என்றும், அதைத் தொட்டால் ஆகாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள் என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கரட்டின் கிழக்குப் பக்கம் சில ஆண்டுகளாகக் குவாரி நடக்கிறது. வெடி வைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். டாரஸ் லாரி போன பாதையில் முருங்கை இலை வெளுத்துக் கிடக்கும். அந்த வருமானத்தில்தான் என் வகுப்புத் தோழன் ஒருவனின் தகப்பனார் அவனைப் படிக்க வைக்கிறார் என்பதையும் மறைக்கவில்லை.

பொங்கல் விடுமுறையில் நானும் தோழர் இருவரும் மேற்குப் பக்கமாக ஏறினோம். ஒதுக்கு இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். கைகோத்தபடி ஏழு பேர். எட்டாமவர் இடுப்புக்குக் கீழே பாறை ஏடு பெயர்ந்துவிட்டது. கீழே கிடந்த சில்லின் ஒரு முகத்தில் வெள்ளைப் பூச்சு தெரிந்தது. ஃபூட் ஒவ்வொரு கல்லுக்கும் செய்தது போலச் செய்யப் பார்த்தோம். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். ஒதுக்கின் நீளம், உயரம், எந்தத் திசையை நோக்குகிறது, குவாரி விளிம்பிலிருந்து எத்தனை தப்படி என்று குறித்தோம்; 340 தப்படி. பெயர்ந்த சில்லை எடுக்கவில்லை. கிடந்த இடத்திலேயே விட்டுப் படம் மட்டும் எடுத்தோம். கிராம நிர்வாக அலுவலகத்தில் புல எண் கேட்டு வாங்கினோம். துறைத் தலைவர் திருத்திக் கொடுத்த மனுவை, படங்களையும் வரைபடத்தையும் இணைத்து, தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒப்புகை அட்டை இரண்டும் வந்துவிட்டன. அவை வரலாற்றுத் துறை அலமாரியில், மனுவின் நகலோடு இருக்கின்றன. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.